கரு வைத்த சிப்பியும் காணாத கோளும்

தூத்துக்குடிக்கு வடக்கே உப்பளங்கள் சூழ இருக்கும் வேப்பலோடையில், 1973 ஜூலையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சுவாமியும் குழுவினரும் இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்தை எடுத்தார்கள். அந்த வேலை நடக்கும் விதத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். முதலில் சிப்பியை மென்தால் தூவிய கடல்நீரில் வைத்து மயக்குவார்கள். ஓடுகள் தளர்ந்து விரிந்ததும் இடுக்கியில் நிறுத்தி, பாதத்தின் அடியில் சிறு கீறல் போட்டு, திசுவுக்குள் ஒரு வழி செய்வார்கள். ஓட்டிலிருந்து கடைந்த சிறு உருண்டை ஒன்று, வேறொரு சிப்பியின் மேலுறையிலிருந்து வெட்டிய துணுக்கு ஒன்று, இரண்டும் ஒன்றையொன்று தொட்டிருக்கும்படி அந்த வழியாக உள்ளே போகும். பிறகு கூண்டில் அடைத்து மிதவையிலிருந்து கடலுக்குள் தொங்கவிடுவார்கள். மாதங்கள் கழித்துத் திறந்தால் சிலவற்றில் முத்து இருக்கும். சில சிப்பிகள் உருண்டையை வெளியே தள்ளிவிட்டிருக்கும். சில செத்துப்போயிருக்கும். சிலவற்றில் உருண்டை பளபளப்பு ஏறாமல் வைத்தபடியே கிடக்கும். முத்தின் விலையை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் இந்த வேலை ஒரு கணக்கைத் தருகிறது: எத்தனை வைத்தோம், எத்தனை திரும்ப வந்தது. மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களில் மூச்சடக்கி மூழ்கி இயற்கை முத்தைத் தேடிய காலத்தில் அந்தக் கணக்குக்கு வழியே இல்லை. சலாபம் என்ற முத்துக்குளிப்பை அறிவிப்பதற்கு முன் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, ஆயிரம் சிப்பிக்கு எவ்வளவு பெறுமானமுள்ள முத்து என்று மதிப்பிடுவார்கள். கழுவும்போது கைதவறிப் போனது எவ்வளவு என்பது அந்த மதிப்பீட்டில் வராது. உள்ளே எவ்வளவு இருந்தது என்பது முன்கூட்டி யாருக்கும் தெரியாதே.

வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களைத் தேடுகிறவர்கள் அந்தச் சலாபக்காரர்களைவிட மோசமான இடத்தில் நிற்கிறார்கள். அவர்களால் சிப்பியைத் திறக்கவும் முடியாது. புறக்கோள்களில் மிகப் பெரும்பாலானவற்றை யாரும் கண்ணால் கண்டதில்லை. கோள் சுற்றும்போது அதன் ஈர்ப்பில் விண்மீன் மிக லேசாக ஆடுகிறது. அந்த ஆட்டம் விண்மீனின் நிறமாலைக் கோடுகளை ஒருமுறை நீலப் பக்கமும் ஒருமுறை சிவப்புப் பக்கமும் நகர்த்துகிறது. வியாழன் நம் சூரியனை நொடிக்குப் பன்னிரண்டரை மீட்டர் வேகத்தில் ஆட்டுகிறது. பூமியின் பங்கு நொடிக்கு ஒன்பது சென்டிமீட்டர்தான். கோள் விண்மீனுக்குக் குறுக்கே வந்தால் ஒளி சற்று மங்கும். இது இரண்டாவது வழி. தொலைவில் இருந்து பார்ப்பவருக்கு வியாழன் சூரியனின் ஒளியில் நூற்றில் ஒரு பங்கை மறைக்கும். பூமி மறைப்பது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை, பதின்மூன்று மணி நேரத்துக்குள். இந்த அளவுக்குச் சிறிய குறி ஒன்றை, விண்மீனின் கொதிப்பும் கருவியின் நடுக்கமும் மேகம் மறைத்த இரவுகளும் கலந்த எண்வரிசைக்குள் கண்டுபிடித்ததாகச் சொல்லும்போது, நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கோளைப் பற்றியதாக இருக்கக்கூடாது. தேடிய முறையைப் பற்றிக் கேட்க வேண்டும்: கோள் இல்லாத இடத்தில் இந்த முறை என்ன சொல்லியிருக்கும்? கோள் இருந்தும் எத்தனை தடவை கோட்டைவிட்டிருக்கும்? இதற்குப் பதில் சொல்ல ஒரே வழி, உண்மை என்னவென்று முன்பே தெரிந்த தரவை நாமே செய்து, அதே முறையை அதன்மேல் ஓட்டிப் பார்ப்பது. கோளைத் தரவுக்குள் கருவாக வைத்துத் திரும்ப எடுப்பது. செயற்கைத் தரவு இல்லாத கண்டுபிடிப்பை அரைக் கண்டுபிடிப்பாகவே எண்ண வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். இதற்கு ஆதாரம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை; முதல் ஆதாரம் சென்னையிலேயே இருக்கிறது.

நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பை வில்லியம் ஸ்டீஃபன் ஜேக்கப் 1840களின் இறுதியில் ஏற்றார். அசட்டையான ஆள் அல்லர். சனியின் மங்கலான உள்வளையம் ஒளிபுகக்கூடியது என்பதை 1852-இல் தானாகவே கண்டு சொன்னவர். அவருடைய ஆர்வம் இரட்டை விண்மீன்களில். 70 ஒஃபியூக்கி என்பது நம்மிடமிருந்து ஏறத்தாழ பதினாறரை ஒளியாண்டு தொலைவில் உள்ள ஜோடி. இரண்டும் ஒன்றையொன்று சுமார் 88 ஆண்டுகளில் சுற்றுகின்றன. வில்லியம் ஹெர்ஷல் 1779-இல் அளக்கத் தொடங்கியதால், ஜேக்கப் காலத்துக்குள் ஒரு சுற்றின் பெரும்பகுதிக்கான அளவுகள் சேர்ந்திருந்தன. ஆனால் எந்த நீள்வட்டத்தைப் போட்டாலும் புள்ளிகள் அதில் சரியாக உட்கார மறுத்தன. அங்கங்கே விலகின, அந்த விலகலிலும் ஒரு ஒழுங்கு தெரிவதாகப் பட்டது. இந்த ஜோடியில் கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இருப்பது மிகவும் சாத்தியம் என்று 1855-இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் மாத இதழில் ஜேக்கப் எழுதினார். அளவீட்டை வைத்து, சூரியனுக்கு அப்பால் ஒரு கோள் உண்டு என்று அச்சில் முன்வைத்த முதல் வாதங்களில் இது ஒன்று, தமிழ்நாட்டிலிருந்து போனது. 1890களில் டி. ஜே. ஜே. சீ அதே விண்மீனுக்கு 36 ஆண்டுச் சுற்று கொண்ட இருண்ட துணையொன்றைச் சொன்னார். அப்படியொன்று இருந்தால் அந்த அமைப்பு நிலைத்து நிற்காது என்று 1899-இல் ஃபாரஸ்ட் ரே மோல்டன் கணக்கிட்டுக் காட்டினார். 1943-இல் மறுபடியும் ஒரு கோள் சொல்லப்பட்டது. அதுவும் நிற்கவில்லை.

எங்கே பிசகியது? இரண்டு விண்மீன்களுக்கும் இடையிலான தூரமே சில விகலைகள். ஒரு பாகையில் 3,600 விகலை. நுண்ணளவியின் கம்பியைக் கண்ணால் பார்த்து ஒளிப்புள்ளியின்மேல் பொருத்தும்போது ஒவ்வொரு பார்வையாளரின் கைக்கும் கண்ணுக்கும் ஒரு சாய்வு உண்டு. ஹெர்ஷலின் கருவி ஒன்று, அடுத்தவரின் கருவி வேறு. முக்கால் நூற்றாண்டு அளவுகளை வரிசையாக அடுக்கினால், ஆள் மாறும் இடங்களில் அந்தச் சாய்வுகள் மெல்ல ஏறி இறங்கும். தொலைவிலிருந்து பார்க்க அது ஒரு சுழற்சி போலவே இருக்கும். கோளே இல்லாத ஒரு ஜோடியை எடுத்து, அதன் பாதையில் இதே தேதிகளில் புள்ளிகளைக் குறித்து, இதே அளவு மனிதப்பிழையைக் கலந்து, பிறகு பாதையைத் திரும்பக் கணக்கிட்டிருந்தால் எத்தனை தடவை கோள் தென்பட்டிருக்கும்? இந்தக் கேள்வியை ஜேக்கப் கேட்கவில்லை என்று குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு பாதையைக் கையால் கணக்கிடவே நாட்கணக்கில் உழைக்க வேண்டிய காலம் அது. ஆயிரம் பாதைகளை வேண்டுமென்றே செய்துபார்க்க யாரால் முடியும்? ஆனால் கணினி வந்த பிறகு அந்தச் சலுகை யாருக்கும் கிடையாது.

அப்படியும் தவறு நேர்ந்தது. அதைச் சொல்ல இன்னொரு தமிழ்க் கடற்கரைக்குப் போக வேண்டும். 1689 டிசம்பரில் புதுச்சேரியில் வால்மீன் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த ழான் ரிஷோ என்ற இயேசுசபைப் பாதிரியார், தென்வானின் பிரகாசமான ஆல்ஃபா சென்டாரி ஒற்றை விண்மீன் அல்ல, இரண்டு என்று கண்டார். தூத்துக்குடியிலிருந்து பார்த்தால் வைகாசி, ஆனி முன்னிரவுகளில் அது தெற்கு அடிவானத்துக்கு மேல் இருபது பாகை உயரம்வரை ஏறும். பிறகு கண்டறியப்பட்ட மங்கலான மூன்றாவது துணையையும் சேர்த்தால், சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் குடும்பம் இதுதான். 2012 அக்டோபரில் சேவியர் டுமுஸ்க்கும் அவருடைய குழுவும், சிலியின் லா சில்லாவில் உள்ள ஹார்ப்ஸ் நிறமாலைக் கருவியைக் கொண்டு, ஜோடியின் இரண்டாவது விண்மீனைச் சுற்றி 3.24 நாளில் ஒரு வலம் வரும் பூமி அளவிலான கோள் இருப்பதாக நேச்சர் இதழில் அறிவித்தார்கள். நான்கு ஆண்டுகளில் 459 அளவீடுகள். கோளின் குறி நொடிக்கு ஐம்பத்தொரு சென்டிமீட்டர். அதைக் காண்பதற்கு முன் அவர்கள் தரவிலிருந்து நிறையக் கழிக்க வேண்டியிருந்தது: துணை விண்மீனின் நீண்ட இழுப்பு, விண்மீன் சுழலும்போது அதன் புள்ளிகள் உண்டாக்கும் ஏற்ற இறக்கம், பரப்பின் கொதிப்பு. ஒவ்வொன்றாகக் கழித்து எஞ்சியதில் 3.24 நாள் துடிப்பு தெளிவாக நின்றது. புள்ளியியல் சோதனையிலும் தேறியது. செய்தி உலகமெங்கும் போயிற்று.

2015-இல் ஆக்ஸ்ஃபோர்டில் வினேஷ் ராஜ்பால், சூசன் எய்க்ரேன், ஸ்டீஃபன் ராபர்ட்ஸ் மூவரும் கோளே இல்லாத விண்மீனைக் கணினியில் செய்தார்கள். அதற்கு ஆல்ஃபா சென்டாரியைப் போன்ற கொதிப்பையும் இழுப்பையும் கொடுத்து, நிஜ அளவீடு நடந்த அதே தேதிகளில், அதே நேரங்களில் செயற்கை அளவுகளை எடுத்தார்கள். பிறகு அசல் ஆய்வுக்குழு கழித்த அதே முறையில் கழித்தார்கள். 3.24 நாள் துடிப்பு எழுந்து நின்றது. அவர்கள் வைக்காத கோள்! தொலைநோக்கி எந்தெந்த இரவுகளில் திறந்திருந்தது, எந்தெந்த இரவுகளில் மூடியிருந்தது என்ற அட்டவணையிலேயே அந்தக் கால இடைவெளி பொதிந்திருந்தது. விண்மீனின் கொதிப்பைக் கழிக்கும்போது அட்டவணையின் மற்ற தாளங்கள் தற்செயலாக அழிந்துபோக, இது ஒன்று மட்டும் எஞ்சி விண்மீனின் துடிப்புபோல் தோன்றியது. நிஜத் தரவை எத்தனை முறை புரட்டினாலும் இது வெளிப்பட்டிருக்காது. நிஜத் தரவில் விண்மீனும் அட்டவணையும் பிரிக்க முடியாமல் கலந்தே கிடக்கின்றன. விண்மீனை எடுத்துவிட்டு அட்டவணையை மட்டும் பேசவைக்கச் செயற்கைத் தரவால்தான் முடிந்தது. டுமுஸ்க் மேல் எனக்கு மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் அவரே செயற்கை விண்மீன்கள் பலவற்றைச் செய்து, சிலவற்றுக்குள் கோள்களை ஒளித்துவைத்து, விடையைச் சொல்லாமல் உலகின் எட்டு ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்தார். வலுவான குறிகள் பெரும்பாலும் பிடிபட்டன. குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே வெற்றி சரேலெனச் சரிந்தது. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று இந்தத் துறைக்கு இப்போது தெரியும். ஒரு புதுக் கோளைவிட அந்த அறிவு பெரியது என்பேன்.

கோள் உண்டா இல்லையா என்பதோடு விஷயம் முடிவதில்லை. அது எந்தப் பாதையில் சுற்றுகிறது என்பதிலும் தரவு ஏமாற்றும். 55 கேன்கிரி என்ற விண்மீனின் உள்கோள் ஒன்று 2.8 நாளில் சுற்றுகிறது என்று 2004-லிருந்து நம்பப்பட்டது. 2010-இல் ரெபெக்கா டாசன், டேனியல் ஃபேப்ரிக்கி இருவரும் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். தரையிலிருந்து பார்க்கும் தொலைநோக்கிக்கு இரவு மட்டும்தான் உண்டு. ஆகவே அளவுகள் ஏறத்தாழ ஒரு நாள் இடைவெளியில் விழுகின்றன. ஒரு கோள் நாளொன்றுக்கு 1.36 சுற்று சுற்றினால், ஒவ்வொரு இரவும் அதே நேரத்தில் பார்ப்பவருக்கு முழுச் சுற்று மறைந்துவிடும், மிச்சமுள்ள 0.36 மட்டும் தெரியும். அது 2.8 நாளில் ஒரு சுற்று என்றாகும். இரண்டில் எது உண்மை? இரண்டு கால அளவுகளுக்கும் இரைச்சலே இல்லாத செயற்கை அலைகளைச் செய்து, நிஜத் தேதிகளில் மட்டும் அவற்றைத் தொட்டுப் பார்த்து, எதன் நிழல்கள் நிஜத் தரவின் நிழல்களோடு உயரத்திலும் கட்டத்திலும் பொருந்துகின்றன என்று ஒப்பிட்டார்கள். சிறியதுதான் பொருந்தியது. அந்தக் கோளின் ஆண்டு 17 மணி 41 நிமிடம். மறு ஆண்டே அது விண்மீனின் குறுக்கே அந்தக் கணக்குப்படி கடந்துபோவதை விண்வெளித் தொலைநோக்கிகள் பார்த்துவிட்டன. கணினிக்குள் செய்த அலை, வானத்தில் எந்த நேரத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று சொன்னது.

நீள்வட்டத்தின் நீட்சியிலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. லியோன் லூசியும் ஸ்வீனியும் 1971-இல் இரட்டை விண்மீன்களுக்காக எழுதியது. கோள்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. நீட்சியைக் குறிக்கும் மையத்தொலைத்தகவு வட்டமான பாதைக்குச் சுழி. அதற்குக் கீழே எண் போக முடியாது. எனவே இரைச்சல் எந்தப் பக்கம் தள்ளினாலும் கணக்கில் அது மேல்நோக்கியே வரும். அச்சு அசலாக வட்டமான பாதை ஒன்றைச் செய்து, அளவுப்பிழையைத் தூவி, பாதையைத் திரும்பக் கணக்கிடுங்கள். சுழிக்குப் பதிலாக ஏதோ ஒரு சிறு நீட்சி வரும். ஆயிரம் முறை செய்தாலும் சராசரி சுழிக்கு வராது. இதை அறியாமல் பட்டியலைப் படிப்பவர், விண்மீனை ஒட்டிச் சுற்றும் கோள்களில் பல நீள்வட்டப் பாதையில் போகின்றன, ஏதோ ஒன்று அவற்றை இழுத்துக் குலைத்திருக்கிறது என்று ஒரு வரலாறே எழுதிவிடுவார். இல்லாத மோதலுக்கு எழுதிய வரலாறு. கோள் பிறந்த கதையையும் அதன் வெப்பத்தையும் உயிருக்கு இடமுண்டா என்பதையும் பாதையின் வடிவத்திலிருந்துதான் ஊகிக்கிறோம். அடியில் உள்ள எண் சாய்ந்திருந்தால் மேலே கட்டுவதெல்லாம் சாயும்.

இதற்கு வரும் முதல் எதிர்வாதம் வலுவானது. செயற்கைத் தரவு நீங்கள் போட்டதைத்தான் திருப்பித் தரும். உங்களுக்குத் தெரிந்த இரைச்சலைத்தான் அதில் கலப்பீர்கள். இயற்கை உங்களுக்குத் தெரியாத இரைச்சலை வைத்திருக்கிறது. அப்படியிருக்க, கணினியில் தேறிய முறை வானத்தில் தேறும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? முழுக்க முழுக்கக் கணினியில் செய்த தரவைப் பற்றி இந்தக் கண்டனம் சரிதான். ஆனால் கெப்ளர் விண்கலத்தின் தரவைக் கையாண்டவர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 2009-இல் ஏவப்பட்ட கெப்ளர் ஏறத்தாழ 1,50,000 விண்மீன்களை ஆண்டுக்கணக்கில் இமைக்காமல் பார்த்தது. ஆய்வாளர்கள் பொய்யான ஒளிமங்கல்களைத் தனியான செயற்கைத் தரவில் வைக்கவில்லை. நிஜ விண்மீன்களின் நிஜப் படங்களுக்குள்ளேயே வைத்தார்கள். அப்போது தெரிந்த இரைச்சல், தெரியாத இரைச்சல் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. கோள் மட்டும்தான் நம் கையால் வைத்தது. கரு நம்முடையது, சிப்பியும் கடலும் அசல். வளர்ப்பு முத்தோடு உள்ள வேறுபாடு இங்கே வருகிறது. வேப்பலோடையில் வைத்த கரு சரக்காகிறது. கெப்ளரில் வைத்த கரு கணக்கெடுத்ததும் தூக்கியெறியப்படும், எத்தனை திரும்பக் கிடைத்தன என்ற விகிதம் மட்டும் மிஞ்சும். அந்த விகிதம் இல்லாமல், பூமி போன்ற கோள்கள் எத்தனை விண்மீன்களுக்கு உண்டு என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. இருநூறு பூமிகளில் ஒன்றின் பாதைதான் நம் பார்வைக்கு நேராக அமையும். அந்த ஒன்றிலும் கருவி தவறவிட்டது எவ்வளவு என்று தெரிந்தால்தான் பெருக்கிப் பார்க்க முடியும்.

இல்லாததை உண்டென்று சொல்லும் பிழைக்கும் அவர்கள் வழி செய்தார்கள். விண்மீன் ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் நிஜ ஒளிவரைகளைத் தலைகீழாகத் திருப்பினார்கள். அப்போது நிஜமான மங்கல்கள் பிரகாசமாகிவிடும். தேடும் நிரல் அவற்றைக் கண்டுகொள்ளாது. அதையும் மீறி நிரல் ஒரு மங்கலைக் கண்டால் அது கருவியின் பொய்தான். மாதங்களின் வரிசையைக் கலைத்துப்போட்டும் தேடினார்கள். 2015-இல் பெரும் ஆரவாரத்தோடு அறிவிக்கப்பட்ட கெப்ளர்-452பி, பூமிக்கு மிக நெருக்கமான உறவு என்று பேசப்பட்ட கோள், இந்தச் சோதனையில்தான் தடுமாறியது. அதன் ஆண்டு 385 நாள். கெப்ளர் விண்கலம் சூரியனைச் சுற்ற எடுப்பது 372 நாள். விண்கலம் ஆண்டுக்கு நான்கு முறை திரும்பும். ஒரு சுற்று முடிந்ததும் ஒரு விண்மீன் மறுபடி அதே உணரியின்மேல் விழும். அந்த உணரியில் மின்னணுக் கோளாறு இருந்தால் ஆண்டுக்கொருமுறை மங்கல் வருவதாகத் தோன்றும். தலைகீழாக்கிய, கலைத்துப்போட்ட தரவுகளில் இந்தக் கால அளவையொட்டிப் பொய்க்கோள்கள் குவிந்து கிடந்தன. வேறு கருவி ஒன்று தனியாகக் காணாதவரை இந்தக் கோளை உறுதியானதாகச் சொல்லக்கூடாது என்று 2018-இல் ஃபெர்கல் மலாலியும் சக ஆய்வாளர்களும் எழுதினார்கள். கோள் அங்கே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. நம் கையிலுள்ள சாட்சியம் அவ்வளவு எடையைத் தாங்காது என்பதே அவர்கள் சொன்னது.

எதிர்வாதத்தில் மிச்சமிருக்கும் ஒரு பகுதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பீட்டர் வான் டி கேம்ப் 1963-இல் பர்னார்டு விண்மீனுக்கு 24 ஆண்டுச் சுற்று கொண்ட கோள் ஒன்றை அறிவித்தார். பத்தாண்டுக் காலம் பாடநூல்கள்கூட அதை ஏற்றன. 1973-இல், அதே தொலைநோக்கியில் எடுத்த மற்ற விண்மீன்களின் ஒளிப்படத் தட்டுகளும் அதே ஆண்டுகளில் இடம்பெயர்ந்திருப்பது தெரியவந்தது. வில்லையைத் தாங்கும் அமைப்பில் 1949-இல் செய்த மாற்றம் கோளாகத் தெரிந்திருந்தது. எத்தனை செயற்கை விண்மீன்களைச் செய்திருந்தாலும் அதில் இந்த மாற்றத்தை எழுத வேண்டும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? அங்கே உதவியது, கோள் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்காத பக்கத்து விண்மீன்கள். ஆகவே செயற்கைத் தரவு எதையும் தனியே தீர்த்துவைக்காது. நன்றாகப் பார்த்த அனுபவம்தான் அதற்குள் போய் அதை நம்பத்தக்கதாக்குகிறது. விண்மீன்களின் கொதிப்பைக் கணினியில் எழுத, நெருங்கிப் பார்த்த ஒரு விண்மீனின் பதிவு வேண்டும். நமக்கு நெருக்கமானது சூரியன். மதராஸ் வானாய்வகத்தின் பணி 1899-இல் கொடைக்கானலுக்கு மாறியது. அங்கே 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளின் விளிம்பில் வாயு வெளிநோக்கி ஓடுவதை நிறமாலைக் கோடுகளின் நகர்விலிருந்து கண்டார். தொலைதூர விண்மீனின் நிறமாலையில் கோளின் குறியைக் குழப்புவது இந்த வகை ஓட்டங்களும்தான். கொடைக்கானலில் 1904-லிருந்து எடுத்துச் சேர்த்த சூரியப் படங்கள் நூறாண்டைத் தாண்டிய தொடர்ச்சி கொண்டவை. செயற்கை விண்மீன் செய்வதற்கு இவ்வளவு நீண்ட நிஜப் பதிவு உலகில் அதிக இடங்களில் இல்லை.

இன்னொரு எதிர்வாதம் கரையிலிருந்து வருகிறது. 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் சலாபமே நடக்கவில்லை. பார்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. இந்த மண்ணில் நின்றுகொண்டு பதினாறு ஒளியாண்டுக்கு அப்பால் கோள் தேடுவானேன்? விண்வெளி என்றால் இந்த மாவட்டத்துக்கு இப்போது குலசேகரன்பட்டினம்தான். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட ஏவுதளம். கான்கிரீட்டும் எரிபொருளும் கண்ணுக்குத் தெரிகிற விண்வெளி. ஆனால் கோள் தேடும் வேலைக்கு ஏவுதளமோ மலையுச்சியோ வேண்டியதில்லை. கெப்ளரும் அதற்குப்பின் வந்த டெஸ் விண்கலமும் அளந்த ஒளிவரைகளை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். துறைமுக நகரத்துக் கல்லூரியொன்றின் இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கும் சாதாரணக் கணினி போதும். மவுண்ட் அபுவில் உள்ள பராஸ் கருவியால் இந்திய ஆய்வாளர்கள் 2018-இல் எடைபோட்ட கோள், பூமியைப் போல் ஏறத்தாழ 27 மடங்கு நிறை கொண்டது, பத்தொன்பதரை நாளில் தன் விண்மீனைச் சுற்றுவது, முதலில் கெப்ளரின் பொதுத் தரவில்தான் குறியாகத் தென்பட்டது. மாணவருக்கு முதல்நாளே நிஜத் தரவைக் கொடுத்துக் கோள் தேடச் சொல்வதைவிட, கோள் வைத்ததும் வைக்காததுமான செயற்கைத் தரவுகளைக் கலந்து கொடுப்பது நல்லது. எதில் ஏமாந்தோம் என்று அவருக்கே அன்று மாலைக்குள் தெரிந்துவிடும். வானம் அந்த விடையை ஒருபோதும் தருவதில்லை. இந்தப் பழக்கம் கோளோடு நிற்பதும் இல்லை. வளைகுடாவில் மீன்வளம் குறைந்ததா கூடியதா, பாரில் சிப்பிக்குஞ்சு பிடித்திருக்கிறதா என்று சிலமுறை மூழ்கிப் பார்த்துச் சொல்லும் மதிப்பீடுகளுக்கும் இதே கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம்: இருந்திருந்தால் நீங்கள் கண்டிருப்பீர்களா?

ஜேக்கப்பின் விண்மீனையும் இந்தக் கேள்வியோடு மறுபடி பார்த்தார்கள். 2006-இல் டெக்சாஸின் மெக்டொனால்டு வானாய்வக ஆய்வாளர்கள், பல ஆண்டு அளவீடுகளுக்குப் பிறகு, 70 ஒஃபியூக்கியின் பெரிய விண்மீனைச் சுற்றிக் கோள் எதையும் காணவில்லை. ஆனால் இல்லை என்ற ஒற்றைச் சொல்லோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. எந்த நிறையும் எந்தத் தொலைவும் கொண்ட கோள் இருந்திருந்தால் தங்கள் அளவுகளில் தட்டுப்பட்டிருக்கும் என்று ஒரு எல்லையைக் கணக்கிட்டுச் சொன்னார்கள்: வியாழனைப் போல் 0.46 முதல் 12.8 மடங்குவரை நிறையுள்ள கோள், விண்மீனிலிருந்து பூமி-சூரியன் தூரத்தின் 0.05 முதல் 5.2 மடங்குவரை எங்கும் இல்லை. அதைவிடச் சிறிய கோள்களைப் பற்றி அந்தக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. அங்கே நிஜமாகவே ஒரு சிறிய கோள் இருந்தால் அதைக் காண இன்னும் நுட்பமான அளவீடு வேண்டும், அந்த அளவீட்டுக்குள் வைத்து எடுக்க இன்னும் சிறிய கருக்கள் வேண்டும்.